முயல் வாங்குமுன் இனம் அறிதல்

தோட்டக் கழிவிலைகளையும் புல்லையும் இறைச்சியாக மாற்றித் தரவல்லது முயல். எனினும், அழகைக் கண்டு வாங்கிய முயல்கள் சித்திரை வெயிலில் மடிவதைப் பல வளவுகளிற் காண்கின்றோம். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய குறை உண்டு. அதனைக் காசு கொடுக்குமுன் அறிதல் வேண்டும்.

முயல் வியர்த்து உடலைக் குளிர்விப்பதில்லை. காதுகளாலும் மூச்சாலுமே சூட்டைப் போக்குகின்றது. ஆதலின், நீண்டு அடர்ந்த உரோமமுடைய அங்கோரா இனம் வன்னிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏற்றதன்று. அது நக்கி விழுங்கும் உரோமம் இரைப்பையில் திரண்டு, தீன் எடாமற் செய்வதும் உண்டு. வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேற்படின் எவ்வின முயலும் வருந்தும். ஆண் முயல்கள் சில வாரங்களுக்கு மலடாதலுங் கூடும்.

றெக்ஸ் இனத்தின் பாதங்களில் உரோமம் மெல்லியது. பிளெமிஷ் இராட்சத முயலோ 6 கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடையது. இவற்றை வெறுங் கம்பிவலையில் விட்டாற் குதிக்கால் புண்ணாகும். இருந்து இளைப்பாறப் பலகையொன்று இடுக. தொங்கு காதுடைய இனமாயின், காதைத் தூக்கி உள்ளே பொருக்கு உண்டா எனப் பார்க்க.

புதிதாகத் தொடங்குவோர்க்கு 4 முதல் 5 கிலோ வரை வளரும் வெள்ளை நியூசிலாந்து இனமே உகந்தது என்பது எமது கருத்து. அதன் பாதங்களில் உரோமம் அடர்த்தியானது. அதன் சிவந்த கண்களை நோயென்று எண்ணற்க. அஃது அவ்வினத்தின் இயல்பே.

எவ்வினமாயினும் உதட்டை விலக்கிப் பற்களைப் பார்க்க. மேல்வெட்டுப் பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னே அமைதல் வேண்டும். கோணிய பல் பெரும்பாலும் பரம்பரையாய் வருவது. அத்தகைய முயலை இனவிருத்திக்கு வாங்கலாகாது.