சந்திர கிரகணமும் பூமியின் அளவும்

2025 செப்டெம்பர் 7 ஆந் திகதி, போயா தினத்து இரவில், பூரண சந்திர கிரகணம் நிகழ்ந்தது. இரவு 11 மணியளவில் இலங்கை வானிற் சந்திரன் பூமியின் கருநிழலுள் முற்றாகப் புகுந்து, 82 நிமிடம் அதனுள் நின்றது. இத்தகைய வேளைகளிற் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் உள்ளிருத்திக் கதவடைக்கும் வழக்கம் நமுனுகுலத் தோட்ட லயங்களில் இன்னும் அற்றுவிடவில்லை. முன்னோர் வழக்கை எள்ளுதல் எம் கருத்தன்று. ஆயினும், சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்குவதாற் கேடேதும் இல்லை. உள்ளே அடைபட்ட மாணவன் இழப்பது யாது என்பதை இங்கு ஆராய்வாம்.

அவன் இழப்பது பூமியை அளக்கும் வாய்ப்பாகும். சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என ஆரியபடர் கி.பி. 499 இல் உரைத்தார். அந்நிழலை இன்று கமராவினால் அளக்கலாம்.

கமராவை முக்காலியில் இருத்தி, 200 மில்லிமீற்றர் அல்லது அதனினும் நீண்ட லென்ஸைப் பொருத்துக. சந்திரன் பாதி மறைந்ததும் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/125 செக்கன் என வைத்துப் படமெடுக்க. பூரண கிரகணத்தில் ஒளி பல்லாயிர மடங்கு குன்றுதலால், ஐ.எஸ்.ஓ. 800 உம் ஒரு செக்கனளவும் வேண்டப்படும். அதனினும் நீட்டின், சந்திரனின் ஓட்டத்தாற் படம் மங்கும்.

பாதி மறைந்த படத்தைப் பெரிதாக்கி, நிழல் விளிம்பில் மூன்று புள்ளிகளிட்டு, கேத்திரகணிதத்திற் கற்றவாறு அவற்றினூடே வட்டம் வரைக. அதன் விட்டம் சந்திரனின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்காகும். இது நிழலின் அளவே. நிழலோ தூரஞ் செல்லச் செல்ல ஒடுங்குவது. எவ்வளவு ஒடுங்கும்? 1955 யூன் 20 இல் இலங்கையிற் தோன்றிய பூரண சூரிய கிரகணம் விடை தருகிறது. அன்று சந்திரனின் நிழல் எம்மை அடையுமுன் ஒரு சிறு வட்டமாகக் குறுகியது. அஃதாவது, ஏறக்குறைய ஒரு சந்திரனின் அகலத்தை இழந்தது. அதே தூரத்திற் பூமியின் நிழலும் அவ்வளவே இழக்கும். எனவே 2.7 உடன் 1 ஐக் கூட்டுக. பூமி சந்திரனைப்போல் 3.7 மடங்கு. நூல்கள் தரும் விட்டங்கள் 12,742, 3,474 கிலோமீற்றர், விகிதம் 3.67.

2028 டிசெம்பர் 31 ஆந் திகதி இரவு 9.46 மணியளவில் மீண்டுமொரு பூரண கிரகணம் எம் வானில் தொடங்கும். அப்பொழுது சந்திரன் நமுனுகுல முகட்டினும் மிக உயர்ந்து நிற்கும். ஊவாவில் அது மழைக்காலம். முகில் விலகுங் கணத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். பழைய மாணவர் ஒருவர் கமராவை இரவலாகத் தருவாராயின், அளவுகோலும் கவராயமும் மாணவரிடம் உள.