மேடைப் பேச்சும் மாலை பஸ்ஸும்

விஞ்ஞானத் துறைகளில் பெண்பிள்ளைகளை ஊக்குவிப்பது பற்றித் திருகோணமலையில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு நம்பிக்கை முந்திக்கொண்டு வரும்: எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை போதாது, பெயர்பெற்ற ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தால் எல்லாம் சரியாகிவிடும். மங்கள விளக்கு, பொன்னாடை, ஒரு மணி நேர உரை, கடைசியில் குழுப்படம். கெடுதல் ஒன்றும் இல்லை. நோய் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் ஆசைக்குப் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. தங்கம்மா சண்முகம்பிள்ளை இங்கே பெண்களுக்கென்று பாடசாலை தொடங்கியது 1923இல். இலவசக் கல்வி நாட்டுக்கு வந்ததே 1945இல். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை, மருத்துவ பீடங்களிலும் அப்படியே. பொறியியல் பீடத்தின் வாசலில்தான் கணக்குத் தலைகீழாகிறது.

கணிதம் பெண்பிள்ளைகளுக்கு ஓடாது என்று அதற்குக் காரணம் சொல்வோர் இன்னும் உண்டு. ஜேனட் ஹைட் என்ற உளவியலாளரும் குழுவினரும் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் ஏறத்தாழ 70 இலட்சம் மாணவரின் கணிதப் பெறுபேறுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவு மாணவியும் கணிதப் பிரிவு மாணவனும் எழுதுவது ஒரே பௌதிகவியல் வினாத்தாள், ஒரே இரசாயனவியல் வினாத்தாள். மூன்றாவது பாடம் உயிரியலா, இணைந்த கணிதமா என்பதில்தான் பாதை பிரிகிறது. அந்தத் தெரிவு நடப்பது மூளைக்குள் அல்ல, சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகான சில வாரங்களில், வீட்டு விறாந்தையில். அங்கே கூடியிருப்பவர்களுக்கு வைத்தியரைத் தெரியும், ஆசிரியையைத் தெரியும். பெண் பொறியியலாளர் ஒருவரை நேரில் கண்டவர் அநேகமாக இருக்கமாட்டார். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் 1960களின் தொடக்கத்தில் அத்துறைக்குள் நுழைந்தபோது, அவருடைய தந்தையே ஒரு பொறியியலாளர். அவருக்கு அந்தப் பாதை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் முன்மாதிரிகளைக் கூட்டிவருவது சரிதானே என்று கேட்கலாம். எப்படிப்பட்டவரை, எப்போது, என்ன சொல்ல என்பதைப் பொறுத்தது. பாரிஸ் வட்டாரப் பாடசாலைகளில் 2015-16இல் விஞ்ஞானம் சார்ந்த தொழில்களில் இருக்கும் பெண்கள் ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போய்ப் பேசினார்கள். தோமா பிரெடாவும் சக பொருளியலாளர்களும் விளைவை அளந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தறுவாயில் இருந்த விஞ்ஞானப் பிரிவு மாணவியரிடையே, போட்டி மிக்க விஞ்ஞானப் படிப்புகளில் சேர்ந்தோர் தொகை தெளிவாக உயர்ந்தது. இரண்டு வருடம் இளைய வகுப்பில் அந்த உயர்வு இல்லை. இன்னொன்று, மேடைப் பேச்சாளர்கள் கவனிக்க வேண்டியது: இத்துறையில் பெண்கள் எவ்வளவு குறைவு என்பதையே அழுத்திச் சொன்னவர்களைவிட, வேலை எப்படிப்பட்டது என்று விளக்கியவர்களின் பேச்சே பலித்தது. பாவம், நம் விழாக்களில் முதல் பந்தியே அந்தப் புலம்பல்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய இன்னோர் ஆய்வில், ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் அதிகம் இருந்த ஊர்களில் வளர்ந்த சிறுமியர் அதே துறைக்குப் போகும் வாய்ப்புக் கூடியிருந்தது. அங்கிருந்த ஆண் கண்டுபிடிப்பாளர்களால் அவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. புகழைவிட அருகிருத்தல்தான் வேலை செய்கிறது. அந்த வகையில், கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஓர் அக்கா கொழும்பிலிருந்து வரும் பிரமுகரைவிடக் கூடிய பலன் தரலாம். மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு மாணவியருக்கு மூத்த மாணவியரை வழிகாட்டிகளாக விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவில் அவர்களில் ஒருத்திகூடத் துறையை விட்டு விலகவில்லை என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

படிக்காத தாய் தகப்பன் இதில் என்ன செய்யமுடியும் என்பது அடுத்த நம்பிக்கை. இணைந்த கணிதத்தில் ஒரு கணக்கும் தெரியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நேரத்தை விட்டுக்கொடுப்பது. மேற்கு வங்காளத்தில் ஊராட்சித் தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்தவர்கள் (2012), பெற்றோர் பிள்ளைகள்மேல் வைக்கும் எதிர்பார்ப்பில் இருந்த ஆண் பெண் இடைவெளி 25 வீதம் சுருங்கியதைக் கண்டார்கள். பிள்ளைகளின் கல்வியில் இருந்த ஆண் பெண் இடைவெளியே மறைந்தது. சிறுமியர் வீட்டு வேலையில் கழித்த நேரமும் குறைந்தது. இங்கே நேரத்தோடு தூரமும் சேர்கிறது. மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ இருக்கும் பிள்ளைக்கு நல்ல கணித ஆசிரியர் நகரத்து ரியூசன் வகுப்பில் கிடைத்தால், இருட்டுமுன் வீடு திரும்ப பஸ் இருக்கிறதா என்பதே அவளுடைய பாடத்தெரிவைத் தீர்மானிக்கும். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் மாண்ட பிறகு, மகளை வெளியே அனுப்பத் தயங்கும் தாயைப் பழமைவாதி என்று யார் சொல்வது?

உயிரியலைத் தெரிவுசெய்வது குடும்பத்தின் புத்திசாலித்தனம், வைத்தியருக்கு வேலை நிச்சயம் என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால் உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிதான் எல்லாவற்றிலும் உயரம். மூன்று தடவையும் எழுதி அதைத் தொடாமல் நின்றவர்களைப் பற்றி அந்தக் கணக்குப் பேசுவதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அவற்றில் ஒன்று. கணிதப் பிரிவில் சொந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி என்ன என்று பார்த்து முடிவெடுப்பது ஒன்று, பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவெடுப்பது வேறொன்று.

பட்டத்துக்குப் பிறகு என்ன என்பதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றிலொரு பங்கை ஒட்டியவர்களே தொழிற்படையில் இருக்கிறார்கள். பொறியியல் படித்தவள் கொழும்புக்கோ கடல்கடந்தோ போய்விட்டால், அவளைப் பார்த்து வளர இங்கே யாரும் மிஞ்சுவதில்லை. இத்தனைக்கும் துறைமுகத்தைச் சுற்றிப் பிறிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் நிற்கின்றன. மூதூர்ப் படகில் போகும் மாணவிக்கு அவை தினமும் தெரிகின்றன, சுவர்வரைக்கும்.