புதுக்கடையில் சட்டம் படிக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

உன் கடிதம் கிடைத்தது. சட்டக் கல்லூரிச் சோதனைகள் முடியும்வரை நாடகத்தை மூட்டை கட்டி வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். சட்டத்தரணி ஆகப்போகிற பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு திரிந்தால் யார் நம்பி வழக்குக் கொடுப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்களாம். றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து உன்னைக் கொழும்புவரை படிக்க அனுப்பிய தாயின் பயம் அது. அதை மதிக்கவேண்டும். ஆனால் மேடையை விட்டு இறங்குவதுதான் அந்தப் பயத்துக்கு மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் நாடகமும் ஒரே ஆளிடம் குடியிருக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழில் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1873இல் பிறந்தவர். சிறுவயதில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் தெலுங்கு நாடகம் போட்டபோது அதைப் பார்த்து மனம் மாறினார். படித்தவர்களும் பதவியில் உள்ளவர்களும் கூச்சமில்லாமல் மேடையேறி நடித்தது அவரை உலுக்கிவிட்டது. அதே ஆண்டு, தன் பதினெட்டாம் வயதில், நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 'மனோகரா'வை எழுதியது 1895இல். அப்போது வயது இருபத்திரண்டு. சட்டம் படித்த காலத்திலும் ஒத்திகை நிற்கவில்லை. வக்கீலாகி, 1924இல் சென்னையில் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியும் ஆனார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதி, 1964இல் காலமானார். அவரால் சபைக்கு ஒரு கௌரவம் வந்தது. தீரர் சத்தியமூர்த்தி போன்ற சட்டம் படித்தவர்களும் அதன் மேடையில் வேடம் கட்டினார்கள். நாடகக்காரனுக்கு யார் வழக்குக் கொடுப்பார்கள் என்று கேட்கும் அம்மாவிடம் இந்த வாழ்க்கையைச் சொல்.

அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது புகழை அல்ல, ஒழுங்கை. அந்தக் காலத்தில் நாடகம் விடிய விடிய நடக்கும். பாட்டுக்கு மேல் பாட்டு. வசனம் மேடையிலேயே பிறக்கும். அவர் வசனத்தை முழுதாக எழுதிவைத்து, சில மணி நேரத்துக்குள் நாடகத்தை முடித்தார். எழுத்தில் உள்ளதைச் சொல்வது, சொல்லவேண்டியதை நேரத்துக்குள் சொல்லி முடிப்பது என்ற இரண்டும் வக்கீலுக்கும் வேண்டியவை. எது எதற்குக் கற்றுக்கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனை அவர் 'வாணீபுர வணிகன்' என்று தமிழாக்கியிருக்கிறார். ஒரு வழக்கே நாடகத்தின் உச்சமாக அமைந்த கதை அது. தேடி வாசி. அவருடைய சபை கடல்கடந்து கொழும்புக்கும் வந்து ஆடியது. அவரையே குருவாக வரித்துக்கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் இங்கே இலங்கை சுபோத விலாச சபையை வளர்த்தார். ஆகவே அந்த மரபு நமக்கு அந்நியமானதல்ல.

ஆனாலும் மகள், உன் முதல் பள்ளிக்கூடம் சென்னையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. தோட்டத்துக் காமன் கூத்துத்தான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டி மதன் எரிகிறான். அதுவரை வேடக்காரர்கள் விரதம். பகலெல்லாம் மலையில் வேலை செய்த உடம்பு, இரவில் தப்புச் சத்தம் கேட்டதும் ரதியாகவும் மதனாகவும் வீரபத்திரனாகவும் எழுந்து நிற்கிறது. சிவனின் நெற்றிக்கண் பட்டு மதன் சாய்ந்தபின் ரதி அழுகிறாளே, அந்த ஒப்பாரிக்கு முன்னால் நிற்கக்கூடிய நடிப்பை நான் கொழும்பு மேடைகளில் அதிகம் பார்த்ததில்லை. ரதி வேடத்தை வழிவழியாக ஆண்களே கட்டிவந்தார்கள். சுகுண விலாச சபையிலும் அப்படித்தான். பம்மலுடன் நெடுங்காலம் நாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு என்ற நண்பர். பெண்ணாகிய நீ அந்த வேடத்தை எடுக்கும்போது, அந்த ஆண்கள் ஒப்பாரியைக் காத்துத் தந்தவர்கள் என்பதை மறவாதே. குறைசொல்லிக்கொண்டு அந்த வேடத்துக்குள் நுழைய முடியாது.

தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மற்றக் கட்சி. இரண்டு பக்கமும் புராணத்திலிருந்து சான்று காட்டி விடியும்வரை வாதாடும். படிப்பு வாசனையே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் கிராமத்து மனிதர்கள், எதிர்க்கட்சியின் வாதத்தை வரிவரியாக நினைவில் வைத்துப் பதில் சொன்னார்கள். கேட்கத் தெரிந்ததால்தான் அவர்களுக்குப் பாடவும் தெரிந்தது. உன் நடிப்பில் நான் காணும் ஒரே பெரிய குறை இதுதான். உன் வசனம் வரும்வரை காத்திருக்கிறாய், எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்பதில்லை. குறுக்கு விசாரணையிலும் இதே குறை உன்னைக் கவிழ்க்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. நீதிமன்றத்தில் நடிக்காதே. அங்கே கூண்டில் நிற்பவரின் பயமும் கண்ணீரும் நிஜம். அதன் பக்கத்தில் உன் குரல் ஏற்ற இறக்கம் பொய்யாகத் தெரியும். லயத்துப் பேச்சைச் சிரிப்புக்கென்றே எழுதிய வேடம் எதையும் ஏற்காதே, எவ்வளவு பெரிய மேடையாக இருந்தாலும். தோட்டத்து மனிதனைக் கோமாளியாக்கிக் கைதட்டு வாங்கிய நாடகங்கள் நமக்குப் போதும். மாத்தளை கார்த்திகேசு 'காலங்கள் அழுவதில்லை' என்று நாடகம் போட்டதும், 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்று படமே எடுத்ததும் இந்த ஊர்க்காரனாக நின்றுதான். அந்த வரிசையில் உனக்கும் ஓர் இடம் இருக்கிறது.

இனி நான் உண்மையில் கேட்க வந்தது. உன் சட்டப் புத்தகத்தில் கோடகன் பிள்ளை வழக்கு இருக்கிறது, இந்நேரம் படித்திருப்பாய். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் நம் மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியே தள்ளின. ருவன்வெல்லவில் கோடகன் பிள்ளை என்ற அந்த மனிதர் என் பெயரைப் பதியுங்கள் என்று கேட்டார். சிவஞானசுந்தரம் என்ற அதிகாரி, அந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேர்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. சிறுபான்மையினரைக் காக்கவென்று அரசியலமைப்பில் எழுதிவைத்த 29ஆம் பிரிவு அவரைக் காக்கவில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003வரை சட்டங்கள் இயற்றிக்கொண்டேயிருக்க வேண்டியிருந்தது.

சட்ட மாணவர்கள் அந்த வழக்கை ஒரு பந்தியில் படித்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெயரைக் கேட்டு நின்ற மனிதனும், பதியலாம் என்ற அதிகாரியும், முடியாது என்ற நீதிமன்றங்களும் ஒரு நாடகத்துக்குப் போதும். தீர்ப்பை மூலத்தில் படித்துப் புரிந்துகொள்ளவும், தப்புச் சத்தத்துக்கு அடியெடுத்து வைக்கவும் தெரிந்த ஒருவர்தான் அதை எழுதமுடியும். பொது மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையும் கூடவே வாசித்துவை. பிரதிக்கு அனுமதி கேட்டு நிற்கும் நாள் வரும்போது நீயே உனக்குச் சட்டத்தரணி.

சோதனையை முதலில் எழுது, நன்றாக எழுது. வாரத்தில் ஒரு மாலையையாவது ஒத்திகைக்கு ஒதுக்கு. நாடகத்தின் முதல் மேடையேற்றம் கொழும்பில் வேண்டாம். உங்கள் தோட்டத்தில், காமன் கம்பம் நடும் அந்தத் திடலில் நடக்கட்டும். பிரதி முடிந்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
உன் நாடக வாத்தியார்,
மாத்தளை