குறையும் குழந்தைகள், காத்திருக்கும் இளைஞர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் அமரவிளை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1-க்கு முன் இவ்வெல்லை இல்லை. அன்றுதான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் அறிந்த குடும்பங்கள் இன்றும் இருபுறமும் வாழ்கின்றன.

வெளியூரார் அமரவிளையை அறிந்தது அங்கிருந்த சோதனைச்சாவடியால். தமிழ்நாட்டிலிருந்து வந்த சரக்கு லாரிகள் வரிசையில் நின்று கணக்குக் காட்டிய பின்னரே நகர்ந்தன. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அவ்வணிகவரிச் சோதனை முடிவுக்கு வந்தது. சரக்கை எண்ணச் சாவடி இருந்தது. அதே சாலையில் பெற்றோருடன் வந்த குழந்தைகளை எண்ணுவதற்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பே வழி.

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஆறு வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குழந்தைகள் சுமார் 37.9 லட்சம் பேர். 2011-இல் அவர்கள் 34.7 லட்சமாகக் குறைந்தனர். அதே பத்தாண்டில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை குறையவில்லை. ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்ந்து 3.34 கோடி ஆயிற்று. முதியோர் பெருக, மழலையர் அருகினர். ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப வேண்டுமாயின், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறத்தல் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இவ்வெண் கேரளத்தில் 1.8. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அதே 1.8 என்பது நோக்கத்தக்கது. பெண்கல்வியும் மருத்துவ வசதியும் பரவிய இரு மாநிலங்களும் ஒரே திசையில் சென்றுள்ளன.

பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நலமுடன் வளர்கின்றனர். 2020-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 28 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். தமிழ்நாட்டில் 13 பேர், கேரளத்தில் 6 பேர். நிதி ஆயோக் கணித்த பல்பரிமாண வறுமை, 2019-21-இல் நாட்டில் ஏறத்தாழ 15 விழுக்காடு. கேரளத்தில் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. ஆயினும் இங்கும் ஐந்து வயதிற்குட்பட்டோருள் 23 விழுக்காட்டினருக்கு வயதிற்கேற்ற உயரம் இல்லை. நான்கில் ஒரு குழந்தை என்னும் அளவை நெருங்கும் இக்குறையைச் சிறிதென்று தள்ள இயலாது.

நலமாய் வளர்ந்து நன்கு கற்ற இக்குழந்தைகள் இளைஞரான பின் நிகழ்வதே வியப்பு. 2023-24 தொழிலாளர் ஆய்வில், 15 முதல் 29 வயது வரையுள்ளோருள் வேலையின்மை இந்திய அளவில் 10.2 விழுக்காடு, கேரளத்தில் 29.9 விழுக்காடு. இளம்பெண்களிடையே அது 47 விழுக்காடு. இவ்வெண்ணைக் கவனத்துடன் படித்தல் வேண்டும். கல்லூரியில் பயில்பவரும் வேலை தேடாது வீட்டில் இருப்பவரும் இதில் சேரார். வேலையை நாடியும் பெறாதவரே சேர்வர். பள்ளியை இடையில் விட்டுக் கிடைத்த கூலிக்குச் செல்பவர் மிகுந்த மாநிலத்தில் இவ்விகிதம் குறைவாகவே தோன்றும்! கேரள இளைஞரோ நெடுங்காலம் படிக்கின்றனர். படிப்பிற்கேற்ற பணிக்காகவும் அரசுப் பணியாளர் தேர்வுக்காகவும் காத்திருக்கின்றனர். அன்றேல் கடல் கடக்கின்றனர். 2018-இல் ஏறத்தாழ 1.3 லட்சமாக இருந்த வெளிநாடு வாழ் கேரள மாணவர் தொகை, 2023-இல் 2.5 லட்சமாயிற்று என்று கேரளப் புலம்பெயர்வு ஆய்வு கூறுகின்றது.

அவர்கள் ஏற்காத வேலைகள் நிற்பதில்லை. 2022-23-இல் கேரளச் சிற்றூர்களில் கட்டடத் தொழிலாளரின் சராசரி நாட்கூலி 850 ரூபாயைத் தாண்டியது. நாட்டுச் சராசரி 400 ரூபாயையும் எட்டவில்லை. சாந்தும் செங்கல்லும் சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து முன்பும், வங்கம், அசாம், ஒடிசாவிலிருந்து பின்பும் மக்கள் வந்ததன் காரணம் இதுவே. குழந்தைகள் குறைந்த வகுப்பறைகளில் இன்று இவர்தம் பிள்ளைகளும் அமர்கின்றனர். எர்ணாகுளம் மாவட்டத்தில் அத்தகைய மாணவர்க்கென 2017-இல் 'ரோஷ்னி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆண்டின் நடுவில் பெற்றோர் வேலையிடம் மாறும்போது பிள்ளையின் படிப்பு அறுபடுகின்றது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதே பல வீடுகளில் முதல் தடை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு விடை கூறுகின்றது: தொடக்கக் கல்வியில் உள்ள பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகின்றது என்பதற்காக, அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்க மறுத்தல் கூடாது. இச்சட்டவிதி எல்லையின் இருபுறமும் செல்லும்.

அருஞ்சொற்பொருள்
அருகுதல் – குறைதல்; அன்றேல் – இல்லாவிட்டால்; விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

பயிற்சி
1. 2001-க்கும் 2011-க்கும் இடையே கேரளக் குழந்தைகளின் எண்ணிக்கை எத்தனை விழுக்காடு குறைந்தது? கணக்கிடுக.
2. வேலையின்மை விகிதம் குறைவாக உள்ள மாநிலத்தில் இளைஞர் அனைவரும் நல்ல பணியில் உள்ளனர் எனக் கொள்ளலாமா? காரணம் தருக.
3. உம் குடும்பத்தார் சொந்த ஊரை விட்டு வந்த ஆண்டையும் காரணத்தையும் வீட்டாரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி வரைக.