எஸ்எம்பிஎஸ்: ஃபேன் சுற்றினால் போதுமா?

“ஃபேன் சுத்துது, எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு”

கம்ப்யூட்டர் தானாக அணைகிறது என்று கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனால், பல சர்வீஸ் கடைகளில் முதலில் நடப்பது இதுதான். கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பார்கள். ஃபேன் சுற்றும். எஸ்எம்பிஎஸ்மேல் குறையில்லை என்று முடிவாகிவிடும். பழி ரேமுக்கோ மதர்போர்டுக்கோ விண்டோஸுக்கோ போய்ச் சேரும்.

பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் காட்டாது. ஃபேன் சுற்ற ஓரிரு வாட் போதும். பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது கம்ப்யூட்டர் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கலாம். அந்த நேரத்தில் வோல்டேஜ் நிலையாக நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வரையறைதான் இன்றும் வீட்டு டெஸ்க்டாப்புகளுக்கு அடிப்படை. அதன்படி 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6ஐத் தாண்டக் கூடாது. 5 வோல்ட் லைனுக்கு எல்லை 4.75 முதல் 5.25 வரை. இது போக, வெளிவரும் நேர்மின்சாரத்தில் ஏறி இறங்கும் மெல்லிய அலைக்கும் எல்லை உண்டு. ரிப்பிள் என்று சொல்லப்படும் அந்த அலை 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும் 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அதைச் சரியாகப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். மல்டிமீட்டர் சரியாக 12 என்று காட்டும் பெட்டிகூட உள்ளே கெட்டுப்போய் இருக்கலாம்.

பெட்டிக்கு வயதாவது என்றால் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு வயதாவதுதான். அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. வற்ற வற்றத் தேக்கும் அளவு குறைகிறது, உள்தடை ஏறுகிறது, ரிப்பிள் கூடுகிறது. சூடு 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. நல்ல பெட்டிகளில் 105 டிகிரிக்கான கெப்பாசிட்டர் இருப்பதும், மலிவானவற்றில் 85 டிகிரிக்கானது நுழைந்துவிடுவதும் இதனால்தான் முக்கியமாகிறது. மே மாதத்தில் நம் அறையே 35 டிகிரியைத் தாண்டுகிறது. கேபினட்டையும் கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய தட்டுக்குள் தள்ளி, சுவரோடு ஒட்டிவைத்து, ஃபேனில் தூசி படியவிட்டால் அந்தப் பெட்டியின் ஆயுளை நாமே வெட்டுகிறோம்.

“அதிகமா யூஸ் பண்ணலையே” என்பதும் இங்கே செல்லாது. ஷட் டவுன் செய்த பிறகும் சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற சிறு பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் எழுவது அந்தப் பகுதியால்தான். இரவு பகலாக வேலை செய்யும் அதன் கெப்பாசிட்டர் மற்றவற்றுக்கு முன்னால் தளர்வது வழக்கம். காலையில் பட்டனை நாலைந்து தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, ஒருமுறை எழுந்து சூடாகிவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவில்லை என்றால், பட்டனை மாற்றுவதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் காட்டி அதுவே ஆதாரம் என்று சொல்பவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

வீட்டில் எதைச் செய்து பார்க்கலாம்? கம்ப்யூட்டர் கனமான வேலையில் இருக்கும்போது, பயன்படாமல் தொங்கும் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் இடையே 12, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 என்று அளக்கலாம். மீட்டர் முனை நழுவி இரண்டு பின்களைச் சேர்த்துவிடாமல் கவனம் வேண்டும். அளவு எல்லைக்கு வெளியே இருந்தால் பெட்டி கெட்டது என்று முடிவு செய்யலாம். எல்லைக்குள் இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், நன்றாக இயங்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடனாக வாங்கிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். வீட்டளவில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

“கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது, இன்வெர்ட்டரைத்தான் மாத்தணும்”

இந்த நம்பிக்கையால் நல்ல பேட்டரிகளையும் நல்ல இன்வெர்ட்டர்களையும் மாற்றிவிடுகிறார்கள். கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு சிறு இடைவெளி எடுக்கும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்குவது எஸ்எம்பிஎஸ்ஸின் முதல் பகுதியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். மோட்டார் நின்றாலும் குழாயில் தண்ணீர் வருவதற்கு மேல்தொட்டி இருப்பதைப் போல, சேர்த்துவைத்ததிலிருந்து அது கொடுக்கும். முழுச் சுமையிலும் குறைந்தது 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வரையறையில் நெடுங்காலமாக இருந்த எதிர்பார்ப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். ஒரு முழுச் சுழற்சியைக்கூட எட்டாத நேரம் அது. கெப்பாசிட்டர் வற்றிப்போன பழைய பெட்டியால் அதையும் தாங்க முடியாமல் போகலாம்.

முதலில் இன்வெர்ட்டரின் பின்னால் பாருங்கள். பல மாடல்களில் சாதாரண மோட், யூபிஎஸ் மோட் என்று தேர்வு இருக்கும். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம். கம்ப்யூட்டர் இணைந்திருந்தால் யூபிஎஸ் மோட் வேண்டும். அதைச் சரிசெய்த பிறகும் ரீஸ்டார்ட் ஆகிறது, முன்பு இதே இன்வெர்ட்டரில் ஒழுங்காகத்தான் ஓடியது என்றால், பலவீனப்பட்டிருப்பது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான். பேட்டரியை மாற்றும் பணத்தை அதில் போடுங்கள்.

“கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது, எஸ்எம்பிஎஸ் லீக் ஆகுது”

பெரும்பாலான வீடுகளில் குறை பெட்டியில் இருப்பதில்லை, சுவரில்தான் இருக்கிறது. மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக பொதுவாக எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவை வழியே கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் இரும்பு உடம்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுர்ரென்ற உணர்வோடு போகிறது. புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் அந்தச் சுர் போகாது.

மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை ஒடித்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ ஓட்டும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பெட்டிக்குள் என்றாவது ஃபேஸ் வயர் இரும்பில் பட்டுவிட்டால், தொடுபவரைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த பின் அது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியை அதன் பிறகு எடுக்கலாம். இதில் தாமதம் வேண்டாம்.

“450 வாட்னு போட்டிருக்கு, தாராளமா போதும்”

ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கும் சிறு அட்டவணையைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்? அதை 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட்தான். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எழுதப்பட்டிருக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் பிராசசர் 5 வோல்ட் லைனிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது 12 வோல்ட்டுக்கென்று தனியாக நான்கு பின் கனெக்டர் வந்தது. இன்று பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. 5 வோல்ட்டில் மிச்சமிருக்கும் வாட்டால் அவற்றுக்குப் பயனில்லை.

இதற்கு மறுபுறம், தேவையைக் கூட்டிச் சொல்லிப் பெரிய பெட்டியை விற்பதும் நடக்கிறது. இன்டெல் ஐ5 12400 போன்ற பிராசசர் உச்ச வேகத்தில் 117 வாட் எடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்தாலும் 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். 12 வோல்ட் லைனில் நிஜமாகவே 400 வாட் தரும் பெட்டி அதற்குத் தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் அந்தக் கார்டைத் தயாரித்தவர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060க்கு என்விடியா சொல்வது 550 வாட்.

“பெரிய வாட் போட்டா கரண்ட் பில் ஏறும்”

ஏறாது. 750 வாட் என்பது அந்தப் பெட்டியால் கொடுக்க முடிந்த உச்சம். கம்ப்யூட்டர் 60 வாட் கேட்டால் அது 60 வாட்தான் கொடுக்கும். பில்லைத் தீர்மானிப்பது திறன். அதே 60 வாட்டைக் கொடுக்க 70 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து ஏறக்குறைய 86 வாட் எடுக்கும். 90 சதவீதத் திறனுள்ளது 67 வாட் எடுக்கும். தினமும் 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் மீட்டரில் வித்தியாசம் ஒன்பது யூனிட்டைச் சுற்றி வரும். மிக லேசான சுமையில் பெரிய பெட்டியின் திறன் இறங்கும் என்பதால், தேவையில்லாமல் ஆயிரம் வாட் வாங்குவதிலும் லாபமில்லை.

திறனைச் சொல்வதற்கென்று 2004இல் தொடங்கியது 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ், கோல்டு என்று அதில் படிகள் உண்டு. 115 வோல்ட் சோதனையில் கோல்டு பெட்டி பாதிச் சுமையில் குறைந்தது 90 சதவீதத் திறன் காட்ட வேண்டும். ஆனால் ரிப்பிள் எவ்வளவு, பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்லாது. எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். நல்ல பெட்டிகளுக்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டு வாரண்டிகூட உண்டு.

“கனெக்டர் உள்ளே போகுதே, அப்ப பொருந்தும்”

இதை நம்பிக் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகள் ஏராளம். வயர்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் பெட்டிகளில், ஹார்ட் டிஸ்க் பக்கமும் மதர்போர்டு பக்கமும் இருக்கும் முனைகளுக்குத்தான் பொது வரையறை இருக்கிறது. பெட்டிப் பக்கம் இருக்கும் முனையின் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் வேறு மாடலிலும் மாறலாம். பழைய பெட்டியின் வயரை அப்படியே விட்டு, புதுப் பெட்டியில் செருகினால் அது சுகமாக உள்ளே போகும். ஆன் செய்ததும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயலாம். உங்கள் குடும்பப் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் அதோடு போய்விடும். கேபினட்டுக்குள் வயர்களை ஒழுங்குபடுத்தக் கஷ்டப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, பழைய வயர் ஒவ்வொன்றையும் வெளியே எடுங்கள்.

கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் இன்னும் கவனம் வேண்டும். 1990களின் கடைசியில் வந்த டெல் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில், பார்க்க ஏடிஎக்ஸ் போலவே இருந்த கனெக்டரில் வயர் வரிசை வேறாக இருந்தது. இப்போது வரும் கம்பெனி டெஸ்க்டாப்புகள் பலவற்றில் கனெக்டரும் வேறு, பெட்டியின் அளவும் வேறு. அவற்றுக்கு அதே மாடலுக்கான எஸ்எம்பிஎஸ்தான் வாங்க வேண்டும்.

“பிளக்கைப் பிடுங்கியாச்சு, இனி திறந்து பார்க்கலாம்”

கேபினட்டைத் திறக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்றுள்ள பெட்டிகளில் 400 வோல்ட்டை ஒட்டி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இறங்காமல் நிற்கக்கூடும். கெப்பாசிட்டர் மாற்றுவது பயிற்சியும் கருவியும் உள்ளவர் செய்கிற வேலை. ஏழெட்டு ஆண்டு ஓடிய மலிவுப் பெட்டியில் உப்பிய ஒன்றை மட்டும் மாற்றினால், அதே சூட்டில் கிடந்த மற்றவை வரிசையில் காத்திருக்கும். அந்தச் செலவு தேவையில்லை.

புதியதை மாட்டியதும் பழையது பரணுக்குப் போகும். பிறகு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவோம். அப்படிக் கொடுக்காதீர்கள். படிக்கிற பிள்ளையின் கம்ப்யூட்டர் அதனால் கெட்டால் புது போர்டு வாங்கும் வசதி அந்த வீட்டில் இருக்காது. செம்புக்காக வயரை எரிக்கும் இடத்துக்கும் அது போக வேண்டாம். மின்னணுக் கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவர்களிடம், அதன் வயர்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.