தையல் போட்ட இடம் தாங்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். தலைச்சன் பிள்ளையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆசனவாய்வரை கிழிந்து, தியேட்டரில் வைத்துத் தைத்தார்கள். மூன்று வருடம் கழித்து இப்போது ஐந்து மாதம். சுகப்பிரசவம் என்றால் தையல் பிரிந்துவிடுமா? மாமியாரின் சொந்தத்தில் ஒருவருக்குப் பிரசவத்தில் சிறுநீர்ப்பை ஓட்டையாகி, அதை அடைத்த பிறகு அடுத்த பிள்ளை சிசேரியனாம். உனக்கும் அதுதான் என்கிறார். இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. சில நேரம் காற்று என்னை மீறிப் பிரிந்துவிடுகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: கடைசியில் கூச்சத்தோடு எழுதினீர்களே, முடிவு அதில்தான் இருக்கிறது.

தையல் பிரியாது. அந்த நூல் எப்போதோ கரைந்துபோயிருக்கும். இப்போது இருப்பது தழும்பும், மிச்சமுள்ள தசையின் பலமும். பீரோவில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். அதில் கிழிசலின் தரம் 3ஏ என்றால் ஆசனவாயின் வெளித் தசையில் பாதிக்கும் குறைவாகக் கிழிந்தது. 3பி, பாதிக்கு மேல். 3சி, உள் தசையும் சேர்ந்து. 4 என்றால் மலக்குடலின் உள் தோல்வரை. நாம் நினைக்காமலே ஆசனவாயை மூடி வைத்திருப்பது உள் தசை. அடக்க வேண்டும் என்று நினைத்ததும் இறுகுவது வெளித் தசை.

பிரிட்டனில் முதல் பிரசவத்தில் நூற்றுக்கு சுமார் 6 பேருக்கு இந்தக் கிழிசல் வருகிறது. ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த சுகப்பிரசவத்தில் மறுபடி வருவது 5 முதல் 7 பேருக்கு. அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை நான் சிசேரியனுக்குத் தள்ளுவதில்லை. உங்களுக்கு சிசேரியன் வேண்டாம் என்று உடனே சொல்ல மாட்டேன். காற்று அடங்கவில்லை என்றால் ஆசனவாய் ஸ்கேனும் அழுத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். தசையில் இடைவெளி தெரிந்தால் சிசேரியன் பற்றிப் பேசுவதே நியாயம். இந்தப் பரிசோதனைகள் எல்லா இடத்திலும் இல்லை. ஜிப்மரிலோ எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையிலோ பதிந்திருந்தால், எங்கே செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

மாமியார் சொல்வது வேறு கதை. பிள்ளையின் தலை நெடுநேரம் இடுப்பெலும்பில் சிக்கி, ரத்தம் ஓடாமல் சதை அழுகி விழும் ஓட்டை அது. அதை அடைத்தவர்களுக்கு சிசேரியன்தான் வழக்கம். அந்த வரையில் மாமியார் சொல்வதில் தப்பில்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஹாம்லின் என்ற மருத்துவர் தம்பதி 1974இல் நிறுவிய மருத்துவமனை இந்த ஓட்டைக்காகவே உருவானது. உங்களுடையது தசைக் கிழிசல். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

சுகப்பிரசவம் என்று முடிவானால், தலை வெளியே வரும் நேரத்தில் வெந்நீரில் நனைத்த துணி ஒத்தடமும், கையால் அந்த இடத்தைத் தாங்கிப் பிடிப்பதும் உதவும். ஆட்டோவில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது காற்றை அடக்குவோமே, அந்த இறுக்கத்தை இன்றே பழகத் தொடங்குங்கள். தொடையும் வயிறும் இறுகக் கூடாது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று செம்பை ஒளித்து வைக்கும் வீடு இன்னும் உண்டு. இந்த முறை அந்தப் பத்தியம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும்; தைத்த இடத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அடுத்த செக்கப்பில் மாமியார் வெளியே உட்காரட்டும். டாக்டரிடம் “கொஞ்சம் தொந்தரவு” என்று முடித்துவிடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை தடவை, காற்று மட்டுமா, உள்ளாடையில் கறை படுகிறதா, அவசரம் வந்தால் கழிவறைவரை தாங்குகிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள்.