டெலீட் செய்தது எஸ்எஸ்டிக்குத் தெரியுமா?

ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டவர்கள் பலர் பழைய நம்பிக்கைகளை மாற்றிக்கொள்ளவில்லை. அவற்றுள் சில, அருமையான கோப்புகளையே பறித்துவிடக் கூடியவை.

நம்பிக்கை: ஃபைலை டெலீட் செய்ததுமே எஸ்எஸ்டியில் இடம் காலியாகிவிடும்.

உண்மை: இயங்குதளம் தன் கணக்கில்தான் ‘காலி’ என்று குறித்துக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கு அதைத் தனியே சொல்ல வேண்டும். சொல்லும் கட்டளைதான் ட்ரிம். விண்டோஸில் 2009-இல் வந்த 7ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. எஸ்எஸ்டியிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சில கிலோபைட் கொண்ட ‘பேஜ்’ வாரியாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த ‘பிளாக்’ வாரியாக. எழுதிய பேஜின் மேல் அப்படியே மறுபடி எழுத முடியாது. பிளாக்கை அழிக்கும் முன் அதிலுள்ள பயனுள்ள பேஜ்களை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். ட்ரிம் வராவிட்டால், நீங்கள் என்றோ நீக்கியவற்றையும் எஸ்எஸ்டி பயனுள்ளவை என்றே எண்ணிச் சுமக்கும். வேகம் குறையும், ஆயுளும் தேயும்.

நம்பிக்கை: தவறி அழித்த படங்களை ரெக்கவரி மென்பொருள் மீட்டுத் தரும்.

உண்மை: ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு நல்ல வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியிலோ, விண்டோஸில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததும் ட்ரிம் கிளம்பிவிடும். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பல எஸ்எஸ்டிகள் பூஜ்ஜியங்களையே தரும்.

நம்பிக்கை: அப்படியானால், விற்கும் முன் டெலீட் செய்தாலே போதும்.

உண்மை: போதாது. ட்ரிம் வெறும் தகவல்தான். சிப்பிலிருந்து எப்போது துடைப்பது என்பதை எஸ்எஸ்டியே முடிவு செய்கிறது. விற்பதானால் தயாரிப்பாளர் தரும் ‘செக்யூர் இரேஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள்.

நம்பிக்கை: விண்டோஸின் ‘ஆப்டிமைஸ்’ எஸ்எஸ்டியைக் கெடுக்கும், நிறுத்திவிட வேண்டும்.

உண்மை: விண்டோஸ் 8 முதல், எஸ்எஸ்டி என்று கண்டால் அது முக்கியமாகச் செய்வது ட்ரிம் அனுப்புவதைத்தான். விடுபட்ட இடங்களையும் வாரம் ஒருமுறை மீண்டும் தெரிவிக்கும். அதை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: எந்த எஸ்எஸ்டியானாலும் ட்ரிம் தானாகப் போய்ச் சேரும்.

உண்மை: எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி பெட்டிகள் சில அதைக் கடத்துவதில்லை. லினக்ஸில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருந்தால், ட்ரிம்முக்கு நாமே அனுமதி தர வேண்டியிருக்கும்.

ட்ரிம் எஸ்எஸ்டிக்கு நல்லது. தவறி அழித்தவருக்கு இரக்கம் காட்டாது. ஆகவே ட்ரிம் ஓடட்டும், முக்கியமான கோப்புகளின் இன்னொரு நகல் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.